ஓரத்துக் கீறல்

அய்யய்யோ, அந்த நாற்காலியில வேண்டாம் தம்பி. அது படத்துக்குன்னு போட்டது. பாக்க ஜமீன் வீட்டு நாற்காலி கணக்கா இருக்கும், பின்னங்கால் ஒண்ணு செங்கல்லுலதான் நிக்கி. செங்கல்லு படத்துல விழாது, அதனால குத்தாலத்துக்கு வாரவுகளுக்கு அது தெரியாது. நீங்க இங்கன பெஞ்சுல உக்காருங்க. இந்தாங்க துண்டு, தலையத் துவட்டுங்க மொதல்ல. சாரல்ல நனைஞ்ச தலையோட பேசுனா பேச்சும் சளி பிடிச்சுக்கிடும்.

இதுதானா அந்த லென்ஸு? தகர டப்பாவுக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள பட்டுத் துணி. பிள்ள பெத்தவகூட இப்படிப் பொத்திக் கொண்டு வரமாட்டா. திருவனந்தவரத்துலேருந்து மடியிலேயே வச்சிக்கிட்டா வந்தீய? தூங்கவே இல்லியா ரயில்ல? அதான கண்ணு கெடக்க கெடை.

ஏசுதாசனா? எம்மவன்தான் ஒங்களுக்குக் காயிதம் போட்டது, இல்லங்கல. ஒரு வேலையா இருக்கான், வருவான். அவன் வந்துதான் லென்ஸப் பாக்கணும்னு ஒண்ணுமில்ல தம்பி. இந்த ஸ்டூடியோவ ஆரம்பிச்சது எங்க வீட்டுல அவுக. அவுக கர்த்தர்கிட்ட போன பொறவு, மருந்து கலக்குறது, படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டு கழுவுறது எல்லாம் நாங்களே பாத்துக்கிடுதோம். நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு வரைக்குந்தான். ஆனா ஒரு லென்ஸு நல்லதா கெட்டதான்னு அவுக எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ. ஊதிப் பாரு, ஆட்டிப் பாரு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, அதுக்குப் பொறவும் சந்தேகமா இருந்தா, கொண்டுவந்தவன் மூஞ்சியப் பாருன்னு சொல்லுவாவ.

சிரிக்கீய. நல்லாருக்கு. சிரிச்சாத்தான் ஒங்களுக்கு வயசு தெரியுது.

இல்ல தம்பி, நான் ஏன் இம்புட்டுப் பாக்கேன்னா, போன சீசன்ல நாங்க பட்ட பாடு அப்படி. எங்க பழைய லென்ஸுக்குள்ள பூசணம் பிடிச்சுப்போச்சு. இந்த ஊரு ஈரந்தான் ஒங்களுக்குத் தெரியுமே, ஆனி ஆடியில உப்புச் சாடி அழுவும், தீப்பெட்டி நமத்துப்போவும். கண்ணாடிக்குள்ள மட்டும் சும்மா இருக்குமா? வெள்ள வெள்ளையா, எட்டுக்கால்பூச்சி நூல் நூத்த மாதிரி. எங்களுக்கு அது மொதல்ல தெரியல. ஒரு ஜமீன் குடும்பம் வந்து அருவிக்கரையில நின்னு படம் எடுத்துச்சு. கழுவிப் பாத்தா எல்லார் மூஞ்சியிலயும் ஒரே புகை. அவுக படத்த வாங்கிப் பாத்துட்டு என்ன சொன்னாவ தெரியுமா? ஆகா, அருவித் தெளிப்பு என்ன அழகா விழுந்திருக்குன்னு இன்னும் ரெண்டு காப்பி கேட்டாவ! நானும் ஸ்தோத்திரம்னு சொல்லிக் குடுத்துட்டேன். அடுத்தால ஒரு கல்யாண ஜோடி, இங்கன இந்த நாற்காலியில உக்காந்து எடுத்தாவ. அதுலயும் அதே புகை. மாப்ள கேக்காரு, ஏன் ஆச்சி, அருவி எப்ப வீட்டுக்குள்ள வந்துதுன்னு.

அதோட பேரு கெட்டுப்போச்சு. புகைப்படம்னா நெசமாவே புகைப்படம், அங்க போங்கன்னு பஸ் ஸ்டாண்டுல கேலி பேசுதானுவ. இந்த சீசனும் அப்படிப் போச்சுன்னா கதவச் சாத்திட்டு அச்சன்புதூருல மூத்த மக வீட்டுல போயி நெல்லு அவிக்க வேண்டியதுதான். புதுசு வாங்கலாம்னா, சீமையில சண்டை வரப்போவுது, இனி ஜெர்மன் சாமான் கப்பல்லயே வராதுங்காவ. அதான் ஒங்கள மாதிரி பழசப் பிரிச்சு, கழுவி, ஒட்டித் தாரவுக யாருன்னு தேடுனோம். ஒங்க பேரு வந்துது. ஆசீர்வாதம். பேரு நல்ல பேருதான். சரக்கு எப்படின்னு பாப்போம்.

குடுங்க இங்க. சன்னல் பக்கம் வாரேன். கொரங்க வெரட்டிக்கிடுங்க தம்பி, அந்தச் சவம் பழைய லென்ஸோட மூடியத் தூக்கிட்டுப் போயி அரசமரத்து மேல வச்சு நக்கிக்கிட்டு இருந்துது.

ம்... ஆட்டிப் பாத்தேன், உள்ள எதுவும் கடகடங்கல. வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்க இந்தத் தகட்டு இதழ் விரியுது, சுருங்குது, எண்ணெய் கசியல. இப்ப ஊதுதேன் பாருங்க. ஹா. ஆவி படியுது. படிஞ்ச ஆவி ஒண்ணுபோல வெலகணும். திட்டுத் திட்டா வெலகுச்சுன்னா எவனோ மண்ணு வச்சுத் தேச்சிருக்கான்னு அர்த்தம். இது... வெலகுது, வெலகுது. நல்லாத்தான் வெலகுது.

ஆனா தம்பி, இது என்ன இருந்தாலும் காயலான் கடைச் சரக்குதான? எவனோ எப்பவோ தூக்கிப்போட்டத பித்தள பாலீஷ் போட்டுக் கொண்டாந்திருக்கீய. வெளிய பளபளன்னு இருக்கு, உள்ள என்ன குப்பையோ. திருவனந்தவரத்துக்காரவுக தேங்காயில்லாத சிரட்டையவே வித்துருவாவன்னு எங்க ஊருல ஒரு பேச்சு உண்டு.

கோவம் வரலியா? கொஞ்சங்கூடவா? நான் இம்புட்டு சொல்லுதேன், நீங்க துண்ட மடிச்சு வச்சிக்கிட்டு இருக்கீய. என்னது? பின்பக்கக் கண்ணாடியப் பாருங்கன்னா சொல்லுதீய? ஏன், அங்க என்ன?

எங்க... ஓரத்துலயா? எனக்குத் தெரியலியே. வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிக்கணுமா? ஆமா. இருக்கு. மயிரு கணக்கா ஒரு கீறல். பூசணத்தத் தொடைக்கையில ஒங்க கையாலதான் விழுந்துதா? ஏன் தம்பி, நான் கண்டுபிடிக்கவே இல்லியே, சும்மா இருந்திருக்கலாம்லா?

சரி சரி. ஓரத்துல இருக்கு, படத்துல விழாது. ஆனா சொல்லாம குடுக்கதுக்கு மனசு வரல. அப்படித்தான? படத்துல விழாதுங்கது சத்தியமா? சத்தியம்லாம் பண்ணாண்டாம் எய்யா, எங்க வேதத்துல அது ஆகாது. நீங்களும் நம்ம சபைதான, தெரியும்லா. ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல. ஆமா? சரி. இந்த வார்த்தைய நல்லா நெனவுல வச்சுக்கிடுங்க.

இப்ப கேமராவுல மாட்டிப் பாத்துருவோம். கேமராவ எங்க காணோம்னு தேடுதீயளா? அது உள் அறையில நிக்கி. வெளிய கொண்டாந்தா சாரல் காத்துப் பட்டு அந்தத் தோல் துருத்தி ஊறிப்போவுதுன்னு, கதவுல ஓட்டை போட்டு வச்சிருக்கோம். லென்ஸு மட்டும் மூக்கு மாதிரி இங்கிட்டு நீட்டிக்கிட்டு இருக்கும். உள்ள குடுத்துட்டு வாரேன், இருங்க. உள்ள யாரா? எம் பிள்ள இருக்கு. கருப்புத் துணியப் போத்திக்கிட்டு தயாரா நிக்கி பிள்ள.

குடுத்தாச்சு. வாங்க, இப்ப அந்த நாற்காலியில உக்காருங்க. செங்கல்லப் பாத்து. ஒண்ணு சொல்லிருதேன், அருவி எரைச்சல்ல உள்ள இருந்து பேசுனா இங்கன கேக்காது. அதனால தட்டுதான் கணக்கு. கதவுல ஒரு தட்டு தட்டுனா வலப்பக்கம் திரும்பணும். ரெண்டு தட்டுனா இடப்பக்கம். மூணு தட்டுன்னா சரி, நல்லாருக்குன்னு அர்த்தம். மூணு தட்டு விழுந்தாத்தான் லென்ஸ வாங்குவோம்.

இந்தப் பழைய பேப்பர கையில பிடிங்க. எழுத்து ஓரம்வரைக்கும் தெளிவா விழுதான்னு பாக்கணும்லா. மூஞ்சிக்கு முன்னால பிடிக்காதீய! தோள் பக்கமா. மூஞ்சி தெரியணும். ஏனா? பேப்பர் மட்டும் தெரிஞ்சா போதாதான்னா கேக்கீய? இங்கன பேப்பரையும் செவுத்தையும் படம் எடுக்க யாரும் வரதில்ல தம்பி, மூஞ்சிதான் வருது.

ஒரு தட்டு. வலப்பக்கம் திரும்புங்க. அந்தக் காதுல என்ன, சின்னப் பிள்ளையில கடுக்கன் போட்ட ஓட்டையா? தூந்துபோச்சா. நல்லாருக்கு.

ரெண்டு தட்டு. இடப்பக்கம். சிரிங்க கொஞ்சம். பல்லு தெரியணும். வெள்ள நெறம் எப்படி விழுதுன்னு பாக்கணும்லா, அதுக்குத்தான். வெத்தல போடுறது கெடையாதோ? அப்படியா. மூக்குப்பொடி? அதுவும் இல்ல. ஸ்தோத்திரம்.

எந்திச்சு நில்லுங்க. ஒசரத்துக்கு லென்ஸு சாயாம பிடிக்குதான்னு பாக்கணும். அடேயப்பா, உத்தரத்தத் தொட்டுருவீய போல. உக்காருங்க, உக்காருங்க.

எம் பிள்ள ரொம்ப நேரம் பாக்குதேன்னு நெனைக்காண்டாம். கேமராக் கண்ணாடியில ஆளு தலைகீழாத்தான தெரியும்? தலைகீழா நிக்க ஆள நிதானமாத்தான் பாக்கணும். அது வரைக்கும் ஒரு கதை சொல்லுதேன், அசையாம கேளுங்க.

எனக்கு எளைய மக ஒருத்தி இருக்கா, ஞானவடிவுன்னு பேரு. தென்காசி ராவுத்தர் வீட்டுப் பொம்பளைய கோஷாவுல இருக்கவுக, ஆம்பள கேமராக்காரன் முன்னால உக்காரமாட்டாவ. அவுகளுக்கெல்லாம் எம்மவதான் படம் எடுக்கா. வண்டியில திரையக் கட்டிக்கிட்டு வருவாவ, கதவச் சாத்திட்டா உள்ள ஒரே சிரிப்பாணிதான். கை அம்புட்டு நேக்கு. ஆனா பதினாலு வயசுல அவளுக்கு அம்மை போட்டுது தம்பி. நாங்க அழுது ஜெபம் பண்ணுனோம். கர்த்தர் உசிரத் திருப்பித் தந்தாரு. கன்னத்துல தடத்த மட்டும் விட்டுட்டுப் போனாரு. எனக்கு அது கண்ணுலயே படாது, ஆனா பெத்தவ கண்ணு பூசணம் பிடிச்ச லென்ஸு மாதிரிதான, எல்லாத்தையும் புகையாக்கி அழகாக் காட்டும்.

ஒரு எடத்துலேருந்து பொண்ணு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டாவ. ஏசுதாசனுக்குத் தங்கச்சி மேல உசிரு. அவன் என்ன செஞ்சான், பிளேட்டுல கூர்ப் பென்சில வச்சு ஒவ்வொரு குழியா மெழுவிவிட்டுட்டான். படத்துல அவ வாழத்தண்டு கணக்கா வழுவழுன்னு இருந்தா. அவுகளும் படத்தப் பாத்துட்டு வண்டி பிடிச்சுக்கிட்டு வந்துட்டாவ. பஜ்ஜியத் தின்னாவ, காப்பியக் குடிச்சாவ. இவ தட்டோட வந்து நிக்கா. அந்தப் பையனோட அத்தை, படத்தக் கையில வச்சிக்கிட்டு, இந்தப் பொண்ண எப்ப கூட்டிட்டு வருவீயன்னு கேட்டாளே பாக்கணும்.

ஒரு தட்டு. நீங்க திரும்பாண்டாம் தம்பி. அது எனக்கு. வாய மூடும்மான்னு அர்த்தம். மூட முடியுமா நான்?

அன்னைக்கு அவ அழல. தட்டக் கீழ வச்சா. உள்ள போயி அந்தப் பிளேட்ட எடுத்துட்டு வந்து அடுக்களைக் கல்லுல வச்சு ஒடச்சா. இனிமே எம் மொகத்துல எவனும் பென்சில் வைக்கப்படாதுன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டா. சரி, நீங்க சொல்லுங்க, நீங்களும் இந்தத் தொழில்காரவுகதான. ஏசுதாசன் செஞ்சது சரியா தப்பா?

ம். ம். என்ன சொன்னீய? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அருவி எரைச்சல்ல... இல்ல, எனக்குக் கேட்டுது, இருந்தாலும் சத்தமாச் சொல்லுங்க. தடத்த அழிச்சுட்டா அது யாரு மொகம்னு எப்படித் தெரியும்? ஆளத் தொலைச்சுட்டுப் படத்த வச்சு என்ன செய்ய? நல்லாச் சொன்னீய எய்யா. கதவப் பாத்துச் சொல்லணும்னு அவசியமில்ல, கேட்டிருக்கும்.

என்ன, தட்டே விழ மாட்டேங்குது? ஏ பிள்ள, என்ன ஆச்சு? கண்ணாடிய ஆவி மறைச்சுக்கிட்டோ? தொடச்சுக்கிட்டுப் பாரு. அவசரமில்ல.

ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? சாரல்ல யாருக்கும் வேர்க்காது. லென்ஸ வேண்டாம்னு சொல்லிருவோமோன்னா? ராத்திரி பூரா மடியில வச்சுக் கொண்டாந்ததாச்சே, இருக்காதா. எனக்கும் அந்தக் கவலதான். காலையில முழங்காலுல நின்னு கேட்டிருக்கேன் தம்பி, கர்த்தாவே, எங்கண்ணு போதாது, பாக்க வேண்டியவ கண்ணத் தெறந்து காட்டும்னு.

பாக்க வேண்டியவ-ன்னா சொன்னேன்? அப்படியா சொன்னேன்?

ஒண்ணு.

ரெண்டு. இடப்பக்கமா திரும்ப... இருங்க, இருங்க, திரும்பாதீய.

மூணு!

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மூணு தட்டு கேட்டீயளா? மூணாவது தட்டு மெதுவாத்தான் விழுந்துது, ஆனா விழுந்துருச்சு. மூச்ச விடுங்க எய்யா. பேப்பரக் கீழ வைங்க.

ஏசுதாசனுக்கு நன்றி சொல்லணுமா? அவனுக்கு எதுக்கு? அவன் காலையிலயே தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிட்டானே. அந்தா, இப்ப வண்டி வந்திருக்கும். ஒங்கம்மாவக் கூட்டியாரப் போயிருக்கான்.

ஒங்கம்மாதான். எந்த அம்மான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? எலிசாளும் நானும் பாளையங்கோட்டையில ஒரே பெஞ்சு. போன வருசம் சபைக் கன்வென்ஷன்ல பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து எல்லாம் பேசியாச்சு. லென்ஸு கொண்டுபோன்னு ஒங்கள அனுப்பிவச்சுட்டு, அடுத்த ரயில்ல அவ வாரா. மூணு தட்டு விழலன்னா அருவி குளிக்க வந்தேன்னு சொல்லிக்கிடுதேன்னு சொன்னா. மாத்துச் சேலைகூட எடுத்து வச்சிருப்பா, கெட்டிக்காரி.

பின்ன உள்ள இருக்கது யாரா? எம் பிள்ள. அப்படித்தான சொன்னேன்? ஆம்பளப் பிள்ளன்னு எப்பவாச்சும் சொன்னனா? யோசிச்சுப் பாருங்க. முழங்காலுல நின்னு ஜெபம் பண்ணுத வாய், பொய் சொல்லுமா? பிள்ளன்னா எங்க ஊருல ரெண்டும் பிள்ளதான். நீங்களா ஏசுதாசன்னு நெனச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய.

அந்தப் பஜ்ஜி தின்னவுக போன அன்னைக்கே அவ சொல்லிட்டா தம்பி. இனி என்னைய வந்து பாக்க ஒருத்தனும் வேண்டாம். மொதல்ல நான் பாக்கேன். அவன் பாக்கதுக்குன்னு மூஞ்சிய வச்சுக்கிடாம, சும்மா இருக்கையில, கோவம் வாரப்ப, வேர்க்கிறப்ப, எல்லாத்தையும் பாக்கணும். எனக்குச் சரின்னா பொறவு அவன் என்னையப் பாக்கட்டும், பென்சில் படாம. அதுக்குப் பொறவு வந்த எடத்தையெல்லாம் பேச்சுலயே வேண்டாம்னுட்டா. இன்னைக்குத்தான் அந்தக் கதவு தட்டுச்சு.

காது செவந்துபோச்சே ஒங்களுக்கு. கோவமா, வெக்கமா? எதுவானாலும் பரவால்ல. ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா லென்ஸ மட்டும் குடுத்துட்டு, இலையில ஒரு கை சாப்பிட்டுட்டு, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம போவலாம். லென்ஸு எங்களுக்கு எப்படியும் வேணும். அது நல்ல லென்ஸு, அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடமாட்டேன்.

ஆனா ஒரு நியாயம் இருக்கு. அவ பாத்தாச்சு, நீங்க இன்னும் பாக்கல. ஏட்டி வடிவு! வெளிய வா. வந்து இந்த நாற்காலியில உக்காரு. செங்கல்லப் பாத்து உக்காரு. தலையக் குனியாத, கன்னத்தச் சன்னல் பக்கமாவே திருப்பி வை, வெளிச்சம் விழட்டும்.

தம்பி, இங்கிட்டுப் பாக்காதீய இப்ப. உள்ள போங்க. கருப்புத் துணியப் போத்திக்கிட்டு, அவ நின்ன எடத்துல நின்னு பாருங்க. தலைகீழாத்தான் தெரிவா, நிதானமாப் பாருங்க. தட்டு கணக்கு ஞாபகம் இருக்குல்லா?

ஒண்ணு மட்டும். கன்னத்துல எதாச்சும் தெரிஞ்சா, அது லென்ஸுல இருக்க கீறல்னு சொல்லிராதீய எய்யா. அது படத்துல விழாதுன்னு நீங்கதான் சொல்லிருக்கீய.